விளக்குப் போடுவதற்கு முன்

பாரூர்
11.2.2024

அன்புத் தம்பி ராஜ்குமாருக்கு,

பூவம்மாள் அக்கா எழுதுவது. நான், உன் மாமா, மகன் ஹரீஷ்குமார் மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். மாமாவுக்கு முழங்கால் வலி என்பது உனக்குத் தெரிந்ததுதான். வேலை என்றால் வலிக்கும், டீக்கடை என்றால் வலிக்காது. ஏரித் தண்ணீர் இன்னும் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கிறது. ஓசூரில் நீயும் அருணாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பொங்கல் முடிந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. செய்தி சந்தோஷம்தான், படிப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது வரி நான்காவது வரியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'அக்கா'வுக்கு வைக்க வேண்டிய புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் கிடக்கிறது. கையெழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நீ. என்ன ஆயிற்று?

போனில் கேட்டுவிடலாம் என்றால் எனக்குக் காது கேட்காது. ஹரீஷின் செல்லுக்குச் செய்தி அனுப்பினால், அவன் அதை வீடு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவான். ஆகவே நமக்குத் தபால்காரர்தான். உடனே பதில் போடு.

உன் அக்கா,
பூவம்மாள்

—

ஓசூர்
25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜு எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் சௌக்கியம். உங்கள் மூவரின் சௌக்கியம் அறிந்து மகிழ்ச்சி. மாமாவின் முழங்காலுக்கு என் மரியாதையைச் சொல்லவும்.

நீ பயப்படும்படி ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன். சிப்காட் ரோட்டில் பஸ் போகும் அழகுக்கு எழுத்து தாளில் நின்றதே பெரிது.

கண்ணில் கொஞ்சம் அரிப்பு உண்டு. எங்கள் ஒர்க்ஷாப்பில் எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூளும் எப்போதும் இருக்கும். அதற்கு ஒரு சொட்டு மருந்து வைத்திருக்கிறேன். இரண்டு சொட்டு விட்டால் உடனே குளிர்ந்துவிடும். வருடாந்திரக் கண் பரிசோதனையும் போன வாரம் கம்பெனியில் முடிந்தது. பாஸ். பதினொரு வருடமாக அதே அறை, அதே சுவர், அதே எழுத்து அட்டை. கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்!

பிரேக்குக்குப் போகும் இரும்புத் துண்டுகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிறவன் நான். என் கண் சரியில்லை என்றால் கம்பெனி ஒரு நாள்கூட அந்த நாற்காலியில் உட்கார வைக்காது. அதை நினைத்துத் தைரியமாக இரு.

இப்படிக்கு,
ராஜு

—

பாரூர்
6.3.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்துக்குப் பேரிகை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுத்து தடிமனாக இருக்கிறதே என்று பார்க்காதே. என் பேனா தீர்ந்துவிட்டது. ஹரீஷின் ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன், இதில் சின்னதாக எழுத வராது.

அந்தச் சொட்டு மருந்தை எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? எத்தனை நாளாக விடுகிறாய்? நீ அதைச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பற்றிப் பத்து வார்த்தை எழுதியவன் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதலாம்.

இந்த முறை எங்கே உட்கார்ந்து எழுதினாய்? இதிலும் வரிகள் சரிந்துதான் கிடக்கின்றன.

பதிலை எதிர்பார்க்கும்,
பூவம்மாள்

—

ஓசூர்
21.4.2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நலம்தானே? பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். ஓவர்டைம்.

மருந்து கடையில் கேட்டு வாங்கியதுதான். எல்லோரும் வாங்குகிறார்கள்.

வெயில் ஆரம்பித்ததிலிருந்து வெளிச்சம் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. எதிரே வண்டி விளக்கு வந்தால் கண்ணாடியில் எண்ணெய் பூசினாற்போல் எல்லாம் கலைந்துவிடுகிறது. வீட்டுக்கார நாராயணம்மா, "ஏம்பா ராஜு, நேத்து எதுக்க வந்தும் பாக்காத மாதிரி போயிட்டியே, வாடகை கேட்டுடுவேன்னு பயமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

என் மேசையில் விளக்கு நேராக முகத்தில் அடிக்கும். அதனால் நான் இப்போது விரலையும் சேர்த்துக்கொள்கிறேன். துண்டைத் தடவினால் பிசிறு இருக்கிறதா இல்லையா என்று விரலே சொல்லிவிடும். மயிரிழை விரிசல்தான் விரலுக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு பெட்டி வண்டிக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இரண்டு துண்டில் விரிசல். வண்டியில் மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மேசையில் லாவண்யா என்று ஒரு பெண், அருப்புக்கோட்டைப் பக்கம், ஒப்பந்த வேலை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். இனி ஒரு முறை நடந்தால் நிறுத்திவிடுவார்களாம். அந்தப் பெட்டியை யார் பார்த்தது என்று சரியாகத் தெரியவில்லை.

கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ராஜு

—

பாரூர்
3.5.2024

தம்பி ராஜுவுக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

மே 19, ஞாயிற்றுக்கிழமை, குந்தாரப்பள்ளியில் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். ஹரீஷ் நோட்டீஸ் கொண்டுவந்தான். கண்ணைப் பார்த்து, ஆபரேஷன் வேண்டுமென்றால் அன்றைக்கே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் செய்து அனுப்புவார்களாம். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். மாமாவுக்கு முழங்கால். நீ துணைக்கு வா. வந்த இடத்தில் உன் கண்ணையும் காட்டு.

வரவில்லை என்றால் நான் ஓசூருக்கு வந்து உன் கம்பெனி வாசலில் உட்காருவேன். எனக்குக் காது கேட்காது, செக்யூரிட்டி போகச் சொன்னாலும் போகமாட்டேன்.

ஹரீஷின் காலேஜ் நோட்டில் நிறைய வெள்ளைத் தாள் மிச்சம். வீணாக வேண்டாமே என்று தாராளமாக எழுதுகிறேன்.

அக்கா

—

ஓசூர்
27.5.2024

அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நீ கட்டிக் கொடுத்த ராகி முறுக்கு தீர்ந்துவிட்டது. அருணா கோபித்துக்கொண்டாள், அவளுக்கு இரண்டுதான் கிடைத்ததாம்.

இப்போதாவது மனம் ஆறியதா? முகாமில் நீயே நேரில் பார்த்தாய். கடைசி வரி வரை கடகடவென்று படித்தேன். அந்தப் பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க சார், போயிட்டு வாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

உன் புதுக் கண்ணாடி உனக்கு நன்றாக இருக்கிறது.

உன் தம்பி,
ராஜு

—

பாரூர்
30.6.2024

தம்பி,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் உடம்பு அல்ல. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

முகாமில் அந்த எழுத்துப் பெட்டிக்குக் கீழே இருந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ எனக்கு எதிரே நாற்காலியில். அந்தப் பெண் உன் ஒரு கண்ணை மறைக்கச் சொல்லிவிட்டு, பெட்டியின் விளக்கைப் போட சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஸ்விட்ச் சரியாக இல்லை, இரண்டு மூன்று தட்டு தட்டினாள். ராஜு, விளக்கு எரிவதற்கு முன்பே உன் உதடு படிக்க ஆரம்பித்துவிட்டது. விளக்கு எரிந்தபோது நீ மூன்றாவது வரியில் இருந்தாய். அவள் முதுகைக் காட்டி நின்றதால் கவனிக்கவில்லை. காது கேட்பவர்களுக்குச் சத்தம் வந்தால் போதும். நான் உதட்டைப் பார்த்துப் பிழைக்கிறவள்.

'கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்' என்று பிப்ரவரியில் நீ எழுதியது வேடிக்கை என்று நினைத்தேன்.

அன்று ஆபரேஷனுக்கு முப்பத்திரண்டு பேரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். உனக்கும் அதில் இடம் இருந்தது. நீயே உன்னை இறக்கிவிட்டுக்கொண்டாய். அங்கேயே உன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும் நான். உன் மானம் போய்விடுமே என்று சும்மா இருந்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. தூக்கம் வரவில்லை.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கல்யாண வீடுகளில் யார் என்ன சொன்னாலும் கேட்டதுபோல் சிரித்துத் தலையாட்டுகிறவள் நான். ஒரு முறை மாமாவின் சித்தப்பா செத்த செய்திக்கும் அப்படித்தான் சிரித்துத் தலையாட்டினேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிப்பதில் உனக்கு மூத்தவள். அதனால்தான் சொல்கிறேன், அது நம்மைக் காப்பாற்றாது.

இந்தக் கடிதத்தை அருணாவிடம் கொடு. கொடுக்கமாட்டாய் என்றால் அடுத்ததை அவள் பெயருக்கே போடுவேன்.

பூவம்மாள்

—

ஓசூர்
24.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

அருணா எழுதுவது. நீங்கள், அண்ணன், ஹரீஷ் எல்லோரும் நலமா? கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சிலவற்றை நானாகவும் எழுதுவேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் அதை என் மடியில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் படித்து முடித்து வந்தபோது அழுதுகொண்டிருந்தார். பதினாறு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாளும் அவர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டதையும், குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றியதையும் நான் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன், அண்ணி.

முகாமில் ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் சொல்வது: "அங்க டீ, பிஸ்கட் குடுத்தது எங்க கம்பெனி. எழுத்து அட்டையும் கம்பெனியில இருக்கற அதே அட்டை. சூப்பர்வைசர் மோகன்குமார் கம்பெனி டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு லிஸ்ட்டோட நின்னாரு. அவரைப் பாத்ததும் எனக்கு வாய் தானா ஓடிருச்சு." படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தாராம்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே எழுத்து அட்டை வேறு. இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். டாக்டரம்மா மைக்ராஸ்கோப் மாதிரி ஒன்றில் பார்த்துவிட்டு மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தார்.

"இதை யாருங்க எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதலைங்க. கடையில கேட்டு வாங்கறதுதான்."

"எத்தனை வருசமா?"

"ஆறு வருசம் ஆவுதுங்க."

டாக்டரம்மா புட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அரிப்பை அடக்குகிற அந்த மருந்தே இரண்டு கண்ணிலும் புரையைக் கொண்டுவந்திருக்கிறதாம். நாற்பத்து நான்கு வயதில் புரை. அதை ஆபரேஷனில் எடுத்துவிடலாம். ஆனால் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறியிருக்கிறது. அது உள்ளே நரம்பைத் தின்றிருந்தால், தின்றது தின்றதுதான், எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. புரை மறைப்பதால் நரம்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இப்போது முழுதாகச் சொல்ல முடியவில்லை. முதலில் அழுத்தத்தை இறக்க வேறு மருந்து. ஆகஸ்ட் 20 அன்று வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டைப் பிரித்தபிறகுதான் தெரியும்.

இது நான் எழுதுவது, அவருக்குத் தெரியாது: இப்போதே வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகுகிறார். அடுப்பிலிருந்து கதவுக்கு ஏழு அடி என்று எண்ணுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி.

கடைசியாக ஒன்று எழுதச் சொல்கிறார். அந்தத் திரும்பி வந்த பெட்டியைப் பார்த்தது அவர்தான். லாவண்யா அல்ல. அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அருணா

—

பாரூர்
29.7.2024

அருணாவுக்கும் தம்பிக்கும்,

நலம். எண்ணுவதை நிறுத்தச் சொல். கண் போவதற்குப் பழகினால் கண் போய்விடும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதைப் படிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

லாவண்யா விஷயத்தை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடு, ராஜு. நல்லது நடந்தபிறகு சொல்வது சுலபம்.

19ஆம் தேதி வருகிறேன்.

பூவம்மாள்

—

ஓசூர்
8.9.2024

என் அக்காவுக்கு,

நானே எழுதுகிறேன். ரூல் போடாத தாளில் எழுதுகிறேன். வரி நேராக இருக்கிறதா பார்.

கட்டைப் பிரித்தபோது நீ பக்கத்தில் இருந்தாய், ஆனால் அப்போது என்ன நடந்தது என்பது உனக்குக் கேட்டிருக்காது. நர்ஸ் மெதுவாகப் பிளாஸ்டரை எடுத்து, "கண்ணைத் தொறங்க" என்றார். நான் திறக்கவில்லை. அருணா என் கையைக் கிள்ளினாள். அப்போதும் திறக்கவில்லை. திறந்து இருட்டாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்துகிடந்தேன். பிறகு ஒரு கை என் தலையில் ஒரு குட்டு வைத்தது. அது உன் கைதான் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது. திறந்தேன். உன் புடவையின் மஞ்சள் அவ்வளவு மஞ்சளாக இருந்தது.

டாக்டரம்மா முழுக் கணக்கும் சொல்லிவிட்டார். ஓரப்பார்வையில் கொஞ்சம் போய்விட்டது, அது வராது. நேர்ப்பார்வை தப்பித்தது. அழுத்தத்துக்கான மருந்தை ஆயுசுக்கும் விட வேண்டும். இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் அந்த நேர்ப்பார்வையும் போயிருக்கும் என்றார். இடது கண்ணுக்கு நவம்பரில் தேதி தருவார்கள். பயம் முழுதாகப் போகவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பார்க்கிறேன். தேதி தெரிந்தபிறகுதான் பல் தேய்க்கப் போகிறேன்.

நீ சொன்னபடி ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பே மோகன்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அட்டையை மனப்பாடம் செய்தது உட்பட. "பிரேக்குய்யா அது. நீ பாத்த துண்டு எந்த வண்டியில எவன் கால்ல இருக்குதோ," என்றார். அந்தப் பேச்சு இன்னும் உள்ளே கிடக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் நான் பார்த்து அனுப்பிய பெட்டிகளையெல்லாம் திருப்பி வரவழைத்துப் பார்த்தார்கள். விரிசல் விழுந்த துண்டு இன்னும் ஒன்று கிடைத்தது. அந்தப் புகாரிலிருந்து லாவண்யாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மேசைக்கு நான் திரும்பப் போவதில்லை, போகவும் கூடாது. லாவண்யா கேண்டீனில் எதிரே வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "என்ட்ட அப்பவே சொல்லிருக்கலாம்ல அண்ணே, நானே உங்க துண்டையும் சேத்துப் பாத்துருப்பேனே," என்றாள். வைதிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அக்கா, நேற்று லீவில் உன் கடிதங்களையெல்லாம் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். பிப்ரவரியில் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. மார்ச்சில் பதினைந்து. மே மாதம் பத்து. ஜூலையில் ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி, ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலம். ஜூன் மாதக் கடிதம் மட்டும் பதினெட்டுத் தாள். நான் படிக்கும்போது அது பெரிதாகவே தெரியவில்லை. எப்போதும்போல் எழுதுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

ஸ்கெட்ச் பேனா என்றாய். மிச்சத் தாள் என்றாய். பஸ் என்று நான் சொன்ன பொய்யைவிட உன் பொய் நன்றாக இருந்தது. முதல் கடிதத்திலிருந்தே உனக்குத் தெரியும், இல்லையா?

உன்,
ராஜு

—

பாரூர்
15.9.2024

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். மாமா உன்னைக் கேட்டதாகச் சொன்னார். நெல் பால் பிடித்திருக்கிறது.

இதை என் பழைய கையெழுத்தில் எழுதுகிறேன். இன்னும் கொஞ்சம் பொடியாகவே எழுதுகிறேன். சிரமமாக இருந்தால் அருணாவிடம் கொடுக்காதே, நாளை வெளிச்சத்தில் நீயே படி.

தெரியும். புள்ளி இடம் மாறியபோதே தெரியும். கேட்டால் நீ எழுதுவதையே நிறுத்திவிடுவாயோ என்று எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு முறையும் இன்னும் எவ்வளவு பெரிதாக எழுத வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுப்பேன். ஒரு தாளுக்கு ஓர் எழுத்து என்று ஆனால் என்ன செய்வேன் என்றுகூட யோசித்தேன்.

உனக்காகத்தான் பயந்தேன் என்று நீ நினைப்பாய். பாதி அப்படித்தான். மீதியை எப்போதும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். கையை ஆட்டி 'சோறு' என்பார்கள், 'தண்ணி' என்பார்கள், 'மாடு' என்பார்கள். நானும் போவேன், வருவேன். அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. எனக்குக் காது போன அந்த வருடம் நீ ஐந்து வயதில் சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, 'அக்கா நாய் குட்டி போட்டுது' என்று எழுதிக் காட்டினாய். அன்றிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது வருடமாக எனக்கு ஒரு முழுப் பேச்சு வருவது உன்னிடமிருந்து மட்டும்தான். உன் கண் போயிருந்தால் எனக்கு இரண்டாம் முறை காது போயிருக்கும்.

இதைப் பெரிய எழுத்தில் எழுத வெட்கமாக இருந்தது.

இடது கண்ணுக்குத் தேதி கொடுத்ததும் எனக்கு எழுது. நீயே எழுது.

உன் அக்கா,
பூவம்மாள்